கோடு வரைக்கும் பேசியவர்

அவர் பெயரை நான் எழுதமாட்டேன். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய சனங்களில் மிச்சமிருக்கும் இரண்டொருவர் அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் காறித் துப்புவார்கள். துப்புவதற்கு நான் பெயர் எடுத்துக் கொடுக்க வேண்டாம். கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் அவரைப் பாலளக்கிறவர் என்றுதான் சொன்னோம். அதுவே போதும்.

என் வீட்டுக்காரருடைய கண்ணைப் பறித்தவர் அவர்தான் என்று ஊர் சொல்லும். அந்த ஊருக்குள்தான் நானும் இருந்தேன். கண் போனது என் வீட்டில். அதனால் ஊரைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

நெட்டையான ஆள். நடக்கும்போது கழுத்து முன்னால் போகும், உடம்பு பின்னாலேயே வரும். மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை கிடையாது. கடைசி லயத்தில் கடைசி அறை. வெள்ளைக்காரன் காலத்தில் பால் ஸ்டோரில் வேலை. நாங்கள் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டி, பால் வடிகிற கிண்ணங்களான மங்குகளிலிருந்து பாலை எடுத்து, வாளியில் சுமந்துகொண்டு போய் வரிசையில் நிற்போம். அவர் ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் பாலை மொண்டு, நுரையை விரலால் வழித்துவிட்டு, கண்ணாடிக் குழல் ஒன்றை அதில் இறக்குவார். குழலின் அடியில் குண்டு, மேலே கோடு கோடாக எண்கள். நல்ல பாலில் குழல் ஆழ இறங்கும். தண்ணீர் சேர்ந்த பாலில் தூக்கிக்கொண்டு நிற்கும். புதிதாக வந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். கெட்டிப் பாலில்தானே மிதக்க வேண்டும் என்பார்கள். ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு. அதுதான் சங்கதி.

நான் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் அவரோடு சண்டை போட்டேன். எனக்குக் கொடுத்த மர வரிசையில், என் நிரையில், கத்தி ஆழப் பதிந்து காயம்பட்ட மரம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமே கேட்கிறவள் நான். அப்படிப்பட்டவளுடைய பாலில் குழலை விட்டுவிட்டு, தண்ணி இருக்கு என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் கலக்கவில்லை, என் அப்பன் வீட்டிலேயே அந்தப் பழக்கம் கிடையாது என்று கத்தினேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "கலந்தீங்கன்னு நான் சொல்லலியே. தண்ணி இருக்குன்னேன். மழைத் தண்ணியா, கொழாத் தண்ணியான்னு இந்தக் குழலுக்குத் தெரியாது."

விடியற்காலையில் தூறல் போட்டிருந்தது உண்மைதான். மங்கில் மழை விழுந்திருக்கும். அதை அவரே சொல்லியிருந்தால் என் மானம் காப்பாற்றப்பட்டிருக்கும். சொல்லமாட்டார். குழல் கோட்டைக் காட்டும், அவர் கோடு வரைக்கும் சொல்வார். அதற்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கமாட்டார். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் அவரோடு நான் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

வேலைக்கு மட்டும் அப்படியில்லை, ஆளே அப்படித்தான். மழை வருமா என்று கேட்டால் மேகம் இருக்கு என்பார். சாப்பிட்டாச்சா என்றால் ரெண்டு துண்டு கிழங்கு தின்னேன் என்பார். இளவட்டங்கள் சாயங்காலம் அவர் வாசலில் போய் உட்கார்ந்து வாயைக் கிளறுவார்கள். ஒருவன் கேட்டான்: "அண்ணே, எம் பொண்டாட்டி நல்லவளா கெட்டவளா, நீங்க சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும். நேத்து ராத்திரி உங்க ரூம்ல சட்டி உருண்டுச்சு. அது கேட்டுச்சு."

அவன் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி லயம் ஒரு வாரம் சிரித்தது. அவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரு காலையில் காரில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள். பிறகு யாரோ பூட்டை உடைத்ததில் உள்ளே இருந்த கண்ணாடியெல்லாம் நொறுங்கிப்போயிற்று. பால் வெட்டு நின்றது. மரத்தைச் சாய்த்து மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளி, ராத்திரியில் மரவள்ளி. கட்ட சேலை இல்லாமல் சாக்கைத் தைத்துக் கட்டிய பெண்களை என் கண்ணால் பார்த்தேன். வாலிப ஆண்களை சயாமில் ரயில் பாதை போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

அந்தக் காலத்தில் கைக்கு வருகிற எதுவும் என்னவென்று தெரியாது. எண்ணெய் என்று ஒன்று வரும், எந்த எண்ணெய் என்று கேட்கக் கூடாது. தேன் என்று சீசாவில் வரும், பாதி சீனிப் பாகாக இருக்கும். அப்போதுதான் சனங்களுக்கு அவர் ஞாபகம் வந்தது. குழல் உடைந்துபோயிற்றே தவிர அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு சின்ன மருந்துச் சீசாவில் ஈயத்துண்டு போட்டு, தக்கையை இறுக்கி, தக்கையில் ஒரு தென்னை ஈர்க்கைக் குத்தி வைத்திருந்தார். ஈர்க்கில் கத்தியால் கீறிய கோடுகள். அடியில் தண்ணீர்க் கோடு. அதற்கு மேலே சம்சுக் கோடு. சீனன் கடையில் விற்ற சாராயத்துக்கு நாங்கள் சொன்ன பெயர் சம்சு. அதற்கும் மேலே தேங்காயெண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே மண்ணெண்ணெய். எது லேசோ அதில் சீசா அதிகம் முங்கும், மேல் கோடு வரைக்கும் இறங்கும்.

சனங்கள் கிண்ணத்தோடு வருவார்கள். சீசாவை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்துவிட்டு, தேங்காயெண்ணெய்க் கோட்டுல நிக்குது என்பார். உடனே, என்னன்னு எனக்குத் தெரியாது என்றும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். யாரோ வேடிக்கைக்குக் கிணற்றுத் தண்ணீரையே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தண்ணிக் கோட்டுல நிக்குது, என்னன்னு எனக்குத் தெரியாது என்றார். அதற்கப்புறம் அந்தப் பின்பாதியை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தும்மல் மாதிரி, இருமல் மாதிரி அது அவருக்கு ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

பக்கத்து அறையில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருந்தாள். பிள்ளை தேறவில்லை. என் பாலில் சத்து இல்லையோ என்று அழுது அழுது, கடைசியில் ஒரு கிண்ணத்தில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள். கிண்ணத்தைப் பார்த்ததும் மனுஷன் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வெட்கம். நான்தான் சும்மா பாருங்க அண்ணே என்றேன். நான் அவரோடு மறுபடி பேசியது அன்றைக்குத்தான். பார்த்தார். தண்ணீர்க் கோடும் வெளியே தெரியும்படி சீசா தூக்கிக்கொண்டு நின்றது. தண்ணியவிட கனம் என்றார். அவளுக்கு அது போதும். கனமான பால் என்று சொல்லிவிட்டார், கனமான பால் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். யாருடைய பாலானாலும் தண்ணீரைவிடக் கனமாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவ்வளவுதானே சொன்னேன் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் அண்ணே, அவ்வளவுதான் சொன்னீங்க என்றேன்.

என் வீட்டுக்காரர் முனியாண்டி சாமிக்குப் பூசாரி. அவருடைய அப்பா காட்டை வெட்டும்போது நட்ட கல் அது. வருடத்துக்கு ஒரு பூசை. சுருட்டும் சம்சுவும் வைத்துப் படைக்க வேண்டும். படைத்ததைப் பூசாரி தன் கையால் ஆண்களுக்கெல்லாம் ஊற்றுவார். வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது, அது சாமி கொடுப்பது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து சம்சு இல்லை. சுருட்டை மட்டும் வைத்துக் கும்பிட்டோம். காய்ச்சலில் சாவு விழ விழ, முனி தாகத்தில் நிற்கிறான், அதுதான் இப்படி என்று பேச்சு கிளம்பிற்று. அந்தப் பேச்சு நேராக என் வீட்டுக்காரர் மேல் வந்து விழுந்தது. பூசாரி நீதானே என்றார்கள்.

ஜப்பான்காரனுக்கு லோரி ஓட்டின ஒருவன், ஒரு மூட்டை மரவள்ளி வாங்கிக்கொண்டு ஒரு தகரம் நிறைய என்னவோ கொடுத்துவிட்டுப் போனான். சாராயம், பட்டாளத்துக்காரன் குடிப்பது என்றான். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறிற்று. தீயைக் காட்டினால் நீலமாக எரிந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு பாலளக்கிறவரிடம் போனார். நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது ஏழாவது மாசம்.

சீசாவை விட்டார். மண்ணெண்ணெய்க் கோடு வரைக்கும் முங்கிற்று. ரொம்ப லேசு, மண்ணெண்ணெய் மாதிரி என்றார். மண்ணெண்ணெயாக இருந்தால் தண்ணீரோடு சேராதே என்று என் வீட்டுக்காரர் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றினார். சேர்ந்துகொண்டது. இது கடும் சரக்கு, தண்ணீர் சேர்த்தால் சம்சு ஆகிவிடும் என்றார் என் வீட்டுக்காரர். இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றச் சீசா எழும்பிற்று. கடைசியில் சரியாகச் சம்சுக் கோட்டில் வந்து நின்றது, மயிரிழை தப்பாமல்.

"சம்சுக் கோட்டுல நிக்குது. என்னன்னு எனக்குத் தெரியாது," என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "நீங்க கெணத்துத் தண்ணிக்கே அதத்தான சொல்வீங்க அண்ணே."

அவர் திரும்பவும் சொன்னார், தெரியாது என்று. அப்படி இரண்டு தடவை சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நாங்கள் வந்துவிட்டோம்.

பூசை நன்றாகத்தான் நடந்தது. சனங்கள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தார்கள். சாமி வந்து ஆடின என் வீட்டுக்காரர் இரண்டு வாய் குடித்துவிட்டு, ஆண்களுக்கெல்லாம் ஊற்றினார். பாலளக்கிறவர் குடிக்கிற பழக்கம் இல்லாதவர். சாமி கொடுப்பதை மறுக்கக் கூடாதென்று உள்ளங்கையில் வாங்கி நெற்றியில் தடவிக்கொண்டார். ஆசை தீரக் குடித்தவர்களும் உண்டு. எங்கள் லயத்து வீரையாவின் தம்பி அதில் ஒருவன்.

மறுநாள் வாந்தி, வயிற்றுவலி. போதை தெளியவில்லை என்று நினைத்தோம். மத்தியானம் சுள்ளென்று வெயில் அடிக்கிறது, என் வீட்டுக்காரர் விளக்கை ஏற்றச் சொன்னார்.

"எல்லாம் வெள்ளையா இருக்கு புள்ள. மொகத்துல பால ஊத்துன மாதிரி."

நான் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். அவர் கண் அசையவில்லை.

மூன்று பேர் செத்துப்போனார்கள். வீரையாவின் தம்பி முதலில். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் இருந்தார், மருந்து இல்லை. பின்னாளில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார், சாராயத்தில் குடிக்கிறது ஒன்று, எரிக்கிறது ஒன்று, இரண்டும் பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும், எடையும் ஒன்றாகவே இருக்கும் என்று. எடையை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாதாம். அதைக் கேட்கவேண்டியவர் அப்போது இல்லை.

காரியம் முடிந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடிற்று. மண்டோர் நடுவில் உட்கார்ந்தார். வீரையா தலையை மழித்துக்கொண்டு நின்றார். என் தம்பிக்குத் தன் கையால் விஷத்தை ஊற்றினவன் இந்த லயத்தில் இருக்கக் கூடாது என்றார். மற்ற இரண்டு வீட்டாரும் அதையே சொன்னார்கள். லயத்தை விட்டு வெளியேற்றுவது என்றால் அந்த நாளில் என்ன அர்த்தம் என்று இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. ரேஷன் கிடையாது, கிழங்குப் பாத்தி கிடையாது, தலைக்கு மேல் கூரை கிடையாது. ரோட்டில் நடந்தால் லோரிக்காரன் பிடித்துக்கொண்டு போவான். குருடான புருஷன், வயிற்றில் பிள்ளை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் பிழைக்கப் போவதில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது கூட்டத்தில் ஒருவர், பூசாரி அதைப் பாலளக்கிறவரிடம் காட்டித்தானே கொண்டுவந்தார் என்றார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வீரையா அவர் முன்னால் போய் நின்றார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"குடிக்கலாம்னு சொன்னியா?"

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கோட்டுல நின்னுச்சு, என்னன்னு தெரியாதுன்னேன் என்பார். அது சத்தியம். அதைச் சொன்னதும் எங்கள் கதை முடிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். அவர் வீரையாவைப் பார்க்கவில்லை, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கலாம்னு சொன்னேன்," என்றார்.

என் வீட்டுக்காரர் என் கையை உதறிவிட்டு எழுந்தார். சத்தம் வந்த திசையைப் பார்த்து நிற்கத் தெரியாமல் கோயில் பக்கம் திரும்பி நின்றார். "இல்ல. அவரு அப்படிச் சொல்லல. தெரியாதுன்னுதான் சொன்னாரு, ரெண்டு தரம் சொன்னாரு. நாந்தான் கேக்கல. ஊத்துனது நான்."

அவரை நான் தடுக்கவில்லை. பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாத ஆணுக்கு வாக்கப்பட்டேன் என்ற பெருமை அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் எனக்கு இருந்தது.

மண்டோர் கையை உயர்த்தினார். "நீ உக்காருலா. ஒன் நல்ல மனசு எங்களுக்குத் தெரியும். இந்த மனுசன் வாயில பொய் வந்து இத்தன வருசத்துல யாராச்சும் கேட்டிருக்கமா?"

யாரும் கேட்டதில்லை. அதனால் அந்த ஒரு பொய் அப்படியே நின்றுவிட்டது. நீ மட்டும் ஏன் குடிக்கல என்று வீரையா கேட்டார். அதையும் சேர்த்துக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் கல்லை எடுத்தான், மண்டோர் தடுத்தார். பொழுது சாய்வதற்குள் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பு.

அவித்த கிழங்கை இலையில் கட்டிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். ஏழு மாசத்து வயிற்றோடு எவ்வளவு ஓட முடியும். தோட்டத்து வாசலில், ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் அவரைப் பிடித்தேன். தோளில் ஒரு துணி மூட்டை, அவ்வளவுதான். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். ஏன் அண்ணே சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். உங்களுக்காகச் சொன்னேன் என்று அவர் சொல்வார், காலில் விழலாம் என்றிருந்தேன்.

"தெரியாதுன்னு சொன்னேன்லா. தெரியாதது எதுக்குக் குடிக்கணும், குடிக்காதேன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு தங்கச்சி. அத கோடு காட்டலியேன்னு விட்டுட்டேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. காலில் விழ விடவில்லை. வயித்துப் புள்ளக்காரி வெயில்ல நிக்காத என்று சொல்லிவிட்டு, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். அம்பாங்கான் பக்கம் போகும்போதே லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

என் மகன் பிறந்தான். ஜப்பான்காரன் போனான். நான் மறுபடி பால் வெட்டினேன், என் நிரையையும் என் வீட்டுக்காரர் நிரையையும் சேர்த்து. சயாமிலிருந்து பிழைத்து வந்தவர்களில் ஒருவர் தெமியாங்கில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் எலும்பும் தோலுமாகப் பாயில் படுத்திருந்தார். நெட்டையாக, கழுத்தை நீட்டிக்கொண்டு நடக்கிற ஒருவர் தங்கள் கூட்டத்தில் இருந்ததாகச் சொன்னார். மழைக்காலத்தில் காலரா வந்ததாம். செத்ததைப் பார்த்தீர்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காலராக்காரர்களைப் போடுகிற கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்றார் அவர். அங்கே போய்த் திரும்பி வந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அந்த மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். முனியாண்டிக்குப் பூசை வைக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், பேச்சு அந்தக் காலத்துக்குப் போனால், அவரு அப்படிச் சொல்லல என்று ஆரம்பிப்பார். முழுக்கச் சொல்வார், தண்ணீர் ஊற்றியது, கோட்டில் நின்றது, தெரியாது என்று இரண்டு தடவை சொன்னது, எல்லாம். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நான் சாட்சி சொன்னால், புருஷனுக்கு ஏற்ற பெண்சாதி என்பார்கள்.

கடைசியாக வீரையா ஒரு நாள் வந்தார். அவரும் கிழமாகியிருந்தார். பேத்தி கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்கும் அதையே சொன்னார். பொறுமையாக, ஒன்றும் விடாமல்.

வீரையா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கண்ணையே வாங்கிட்டுப் போனவன். அவனயும் விட்டுக்கொடுக்க மாட்டேங்குறாரு பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்."

என் வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.